சாமிக்குப் போட்ட நாற்காலி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா சுகம், அவர் கூடவே கூட்டிக்கொண்டு திரிகிற கடவுளும் சுகம், எனக்குத்தான் கொஞ்சம் தலைசுற்றல், அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா பெரிய பக்திமான் ஆகிவிட்டாராமே என்று போனில் சந்தோஷப்பட்டாய். கிட்ட இருந்து பார்த்தால் தெரியும் லட்சணம். நம் சலவைக் கடைக்கு வேட்டி போட வரும் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார், ஆறு பேர் இருக்கிற அறையில்கூட மைக் இல்லாமல் வாய் திறக்கமாட்டார், அதனால் நான் அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் வீட்டு சத்சங்கத்தில்தான் அப்பா சேர்ந்திருக்கிறார். கிருஷ்ணன் ஒரு நொடியும் நம்மை விட்டு விலகுவதில்லை, அந்த நினைப்பு மறக்காமல் இருக்க எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்திருப்பார், இவர் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் உன் நாற்காலி இப்போது கிருஷ்ணனுக்கு. கடையில் நான் உட்கார்ந்து பட்டன் தைக்கிற நாற்காலியும் அவனுக்கே, நான் நின்றுகொண்டு தைக்கிறேன். காலையில் தன் கையாலேயே டீ போட்டு அந்த நாற்காலி முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். இத்தனை வருஷமாக அந்த மனிதருக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

கடவுள் பக்கத்தில் இருக்கிற நினைப்பிலேயே மெய்மறந்து ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டு முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டார். புகை வந்த பிறகு எல்லாம் அவன் செயல் என்கிறார். கருக்கியது இவர், பழி மட்டும் அவனுக்கு. எனக்கு பக்தி இல்லை என்று நினைக்காதே, விளக்கேற்றும்போது நானும் கும்பிடுகிறேன், பிறகு அவன் வேலையை அவன் பார்க்கட்டும் என்று என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். உன் அப்பாவைப் போன்றவர்களைப் பார்த்து, படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்று சும்மாவா சொன்னார்கள்.

போன வாரம் கடையில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போனோம், நல்ல கூட்டம். அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டார். எனக்கு இடம் பிடிக்கிறார் என்று நம்பிப் போனேன். அதுல உக்காராத, அது அவனுக்கு என்றார். தான் எழுந்து நிற்கலாம் என்றும் தோன்றவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நர்ஸ் பெண் தன் ஸ்டூலைத் தள்ளி, உக்காருங்கம்மா என்றாள். கிருஷ்ணன் நிஜமாகவே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவளுக்கு முன்னால் அவன் எழுந்திருப்பான்.

இதயத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும், அதுவரை நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அப்பா டீயை வைத்துக் கண்ணை மூடினதும் நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை எடுத்துக் குடித்தேன். கண்ணைத் திறந்தார். திட்டினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் நிறைய இருந்தது. மனிதர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் எப்போது இவ்வளவு இளைத்தேன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, சக்கரை போதுமா என்றார். போதாது என்றேன். எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தார். இதற்கெல்லாம் நான் உருகிவிட்டேன் என்று எண்ணாதே, எனக்கு இன்னும் கோபம்தான்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம். பதறி ஓடி வராதே. புதன்கிழமை எனக்குப் பரிசோதனை, அன்று காலை மறக்காமல் அப்பாவுக்கு போன் போடு. கிருஷ்ணனைப் பற்றிக் கேட்காதே, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேள். பதில் சொல்லத் தெரிகிறதா பார்ப்போம்.

உட்கார்ந்துகொண்டே எழுதிய,
உன் அம்மா