கம்பளியில் தைத்த முகம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? ஐந்தாவதுதான் படித்தவள் என்றாலும் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

தேர்தலுக்காக வீட்டுக்கு வீடு அரசாங்கம் இலவசக் கம்பளி கொடுத்தது, நல்ல சூடு என்று எழுதியிருந்தீர்கள். சூடாகத்தான் இருக்கும். எல்லையில் நிற்கும் பட்டாளத்துக்காக இங்கே எங்கள் தையல் கம்பெனியில் செய்தது அது. மூலையில் இருந்த பட்டாள முத்திரைமேல் தலைவர் படத்தை வைத்துத் தைக்கச் சொன்னார்கள்.

"என் பேரன் அங்க எல்லையில குளிர்ல கிடக்கிறானே சார்" என்றேன்.

"கஜானா காலி பாட்டி, பட்டாளத்துக்கும் ஜனங்களுக்கும்னு ரெண்டு பேருக்கும் வாங்க முடியாது. எல்லைக்கோடு எதுன்னு இன்னும் பேசிக்கிட்டுதானே இருக்காங்க, சண்டையா நடக்குது? உன் பேரன் பொறுத்துக்குவான், ஓட்டு பொறுக்காது" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். நான் தைத்தேன்.

நேற்று பேரன் போன் செய்தான். பயப்படாதீர்கள், ஆள் நன்றாக இருக்கிறான். குளிரில் கறுத்துப்போன இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்களாம். "பூட்ஸ் இப்ப தாராளமா இருக்கு பாட்டி" என்று சிரிக்கிறான்.

அந்தக் கம்பளியை உடனே அவனுக்குப் பார்சல் போடுங்கள். உங்களுக்குக் குளிர்ந்தால் சாக்கைப் போர்த்திக்கொள்ளுங்கள், செத்துவிட மாட்டீர்கள். உங்கள் பழைய துண்டு ஒன்றை எனக்கு அனுப்புங்கள். இங்கே கம்பெனி ஹாஸ்டலில் தலைக்கு வைத்துக்கொள்ள நம் வீட்டுத் துணி ஒன்றுகூட இல்லை.

மணி அடித்துவிட்டது. அனுப்பும் முன் அந்தப் படத்தைப் பிரித்துவிடுங்கள். கம்பெனியிலேயே என் தையல்தான் உறுதி, கையால் பிரிக்க வராது, பிளேடு வேண்டும். முகம் கிழிந்தால் கிழியட்டும், முத்திரைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரி