முதல் புடலங்காய்

இன்று காலையில் புடலைப் பந்தலில் ஒரு பிஞ்சு வளைய ஆரம்பித்திருந்தது. நுனியில் நூல் போட்டு ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நேராக வளர வேண்டும் என்று நீதான் அப்படிக் கட்டுவாய். கட்டி முடித்ததும் உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போன புருஷன்மேல் கோபப்படக் கூடாதாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கென்ன.

நம் குடிசைக்குப் பின்னால் முதலில் என்ன இருந்தது? கூரைமேல் ஏறிய ஒரு பூசணிக்கொடி, பாத்திரம் கழுவிய தண்ணீரில் பிழைத்துக்கிடந்த நாலு மிளகாய்ச்செடி, அவ்வளவுதான். கிராமசேவகர் விதை கொடுத்துவிட்டுப் போன அன்றுதான் உனக்கு வெறி பிடித்தது. "இந்த வாட்டி ஒழுங்கா தோட்டமா போட்லாம்மே. கூலி இல்லாத நாள்ல கொயம்புக்கு யார் கையையும் பாக்க வாணாம்" என்றாய்.

பகலெல்லாம் ஆண்டை வயலில் ஏர் ஓட்டிவிட்டு வந்து, பொழுது சாயும்வரை பாத்தி கட்டினாய். முள் வெட்டி வந்து வேலி அடைத்தாய். நான் குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன், இடுப்பே காய்த்துப்போனது. கத்தரி பூவெடுத்தபோது பாத்தி ஓரமாக உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பாய். அந்த நாட்களில் என்னோடு சிரித்துப் பேசினாய், அதை நான் மறைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் புடலை காய்த்தது. என் கையைவிட நீளம், கோல் மாதிரி நேராக. எது விளைந்தாலும் முதலில் ஆண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் சேரி வழக்கம்.

"வயல்ல வெளஞ்சா குடு. இது நம்ப தண்ணி ஊத்தி வளத்தது. வாணாம்யா" என்றேன்.

"வயக்கத்த உட முடியுமா? நாலு பேரு இன்னா பேசுவாங்கோ?" என்று சொல்லி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினாய். மனசு கேட்காமல் நானும் பின்னால் வந்தேன்.

ஆண்டை காயைத் தரையில் வைக்கச் சொன்னார். குனிந்து பார்த்துவிட்டு, "எங்கடா வெளஞ்சுது?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தால் போதும். நீ இன்னும் கொஞ்சம் வளைந்து, "எல்லாம் ஆண்டை மண்ணு தானுங்கோ" என்றாய். மரியாதைக்கு எல்லாரும் சொல்கிற பேச்சுதான். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுநாளே வந்து பந்தலுக்கடியில் நின்றார். "குடிசை போட்டுக்கத்தான் எடம் குடுத்தேன். உன் வாயாலயே சொன்னே, என் மண்ணுன்னு. இனிமே காயெல்லாம் நம்ப வூட்ல எறக்கிடு."

நீ தலையை ஆட்டினாய். அதோடு விட்டாயா? கொடி காய்ந்து முடியும்வரை நீதானே தண்ணீர் ஊற்றினாய், நீதானே பறித்துக் கொண்டுபோய் இறக்கினாய்! கேட்டதற்கு, "உட்டா செடி காஞ்சி பூடும்மே" என்றாய். அதன் பிறகு நான் குடத்தைத் தொடவில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் நம் பாத்திகளின்மேல் அவர்கள் வைக்கோல்போர் போட்டார்கள். அடுத்த மழைக்குள் காய்ச்சலில் நீயும் போய்ச் சேர்ந்தாய், அந்தத் தோட்டத்துக் காயில் ஒன்றைக்கூட வாயில் வைக்காமல்.

இப்போது நான் திருப்புலிவனத்தில் தம்பி வீட்டில் இருக்கிறேன். மனை அவன் பேரில் பட்டா. பின்பக்கம் முழுக்க நான் போட்ட தோட்டம், யாரும் வந்து பந்தலுக்கடியில் நிற்க முடியாது. பறிக்கும் பதத்தில் இன்று ஒரு காய் இருந்தது. தம்பி பெண்டாட்டி அதைப் பறித்து வந்து, "மொதல் காயி அண்ணி. அண்ணனுக்குப் படைச்சிட்டு அப்பறம் சாப்டலாம்" என்றாள். உன்னைத்தான் சொன்னாள், நல்ல பெண்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பருப்புப் போட்டுக் கூட்டு வைத்து, அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து முதல் வாய் நானே சாப்பிட்டேன். அழுகையாக வந்தது. உனக்கு ஒரு வாய் எடுத்து வைக்கக் கை போனதும் உண்மைதான். வைக்கவில்லை. வைத்தால் நீயா தின்னப்போகிறாய்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இலையோடு தூக்கிப்போய் அந்த ஆண்டை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவாய்.