பென்சில் படாத புருவம்

என் செல்ல மொய்ரா அன்ரிக்கு,

நீங்கள் போன பிறகும் உங்களை வம்புக்கு இழுக்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு விளங்காது என்ற தைரியம்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் வாசிக்கிற சனம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு முதலில் உங்களைச் சொல்லிவிடுகிறேன். சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் நான் வேலை செய்கிற அழகு நிலையத்துக்கு, நூலால் புருவம் திருத்த வருகிற ஸ்கொட்லாந்துக் கிழவி நீங்கள். முதல் நாள் உங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அன்ரி, இதில இருக்கிறதே நாலு மயிர். எதை எடுக்க, எதை விட?" என்றேன். வேறு ஆளென்றால் முதலாளியிடம் முறையிட்டிருக்கும். நீங்கள் உட்கார்ந்திருந்த கதிரை ஆடச் சிரித்தீர்கள். உங்கள் ஆங்கிலம் எனக்குப் பாதி, என் ஆங்கிலம் உங்களுக்குப் பாதி. கணக்குச் சரியாய்த்தான் இருந்தது.

நீங்கள் நடிகை என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பல் கட்டுகிற ஊரில் பிறந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்து, ஒரு நாடகக் குழுவோடு லண்டனுக்குப் போனவர். அங்கே படக் கம்பனிக்காரர் உங்கள் புருவத்தை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பென்சிலால் வேறு புருவம் கீறினார்கள். ஊர்ப் பேச்சையும் மாற்றினார்கள். முதல் படம் ஊருக்கு வந்தபோது உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "நல்ல பிள்ளைதான். எங்கட மொய்ரா எப்ப வருவாள்?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். நான் நூலைப் பல்லில் கடித்தபடி நின்றேன்.

தாதியாக, தங்கையாக, ரயிலுக்குக் கை காட்டுகிற பெண்ணாக நடித்தீர்கள். ஒரேயொரு படத்தில் கதாநாயகி. முப்பது தாண்டியதும் லண்டன் கூப்பிடவில்லை. நாடகம் போட சிட்னிக்கு வந்தவர் இங்கேயே தங்கி, தொலைக்காட்சித் தொடரில் கொடுமைக்கார மாமியார் ஆனீர்கள். கடைத்தெருவில் சனம் உங்களை ஏசுமாம்.

"அதுதான் எனக்குக் கிடைச்ச பெரிய விருது."

"எங்கட ஆக்கள் எண்டா ஏச்சோட விடமாட்டினம் அன்ரி. தும்புத்தடி எடுத்து அடிச்சிருப்பினம்."

பிடுங்கிய புருவம் திரும்பச் சரியாக முளைக்கவில்லை. முளைத்த கொஞ்சத்தைப் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தீர்கள். ஒருநாள் சொன்னீர்கள்: "சாந்தி, நான் செத்தா என்ர முகத்தை நீதான் செய்யவேணும். பென்சில் படக்கூடாது. போகேக்கையாவது என்ர முகத்தோட போறன்."

"ஓம் அன்ரி. அண்டைக்காவது கண்ணைச் சிமிட்டாமல் கிடப்பியள்."

என் வாயைப் பாருங்கள்.

நீங்கள் போன மறுநாள் உங்கள் அண்ணன் மகள் ஐலீன் கடைக்கு ஃபோன் எடுத்தாள். முகம் செய்ய என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தீர்களாம், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். கடை முதலாளி வசந்தி அக்கா, கோயம்புத்தூர்க்காரி, பக்கத்தில் நின்றார்.

"ஏன் சாந்தி, ஞாயித்துக்கிழமை கல்யாணப் பொண்ணுங்க வரிசையா வர்றாங்க. பிணத்தைத் தொட்ட கைன்னு தெரிஞ்சா அவங்கம்மா விடுவாங்களா? கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பலாம். ஆனால் பயம் எனக்கும் இருந்தது. சாவுத் துடக்கு, தீட்டு, மங்கலமான கை என்பதெல்லாம் என் மண்டையிலும் ஊறிக் கிடக்கிறது. சனிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது என்று ஐலீனிடம் பொய் சொன்னேன். போகாவிட்டாலும், பென்சில் மட்டும் போட விடாதீர்கள் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். இவ்வளவு தெரிந்தவள் ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவாளோ என்று அதையும் விழுங்கினேன். ஊரெல்லாம் பகிடி பண்ணுகிற வாய்க்கு அன்று என்ன வந்தது?

திங்கட்கிழமை செத்தவீட்டில் பெட்டி திறந்திருந்தது. உங்கள் பழைய சினிமாப் படத்தைப் பார்த்து முகம் செய்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வில் மாதிரி, கறுப்பாய், தடிப்பாய் லண்டன் புருவம். எல்லோரும் வடிவு, வடிவு என்றார்கள். ஐலீன் என் கையைப் பிடித்து, கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டாள். "ஓம், பந்திதான் பிந்திப்போச்சு, பசியில மாப்பிள்ளையையே கடிச்சிருப்பன்" என்றேன். அவள் அழுதபடியே சிரித்தாள். அந்தப் பொய்க்கும் ஒரு பகிடி வைத்தேன் அன்ரி. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். செத்தவீட்டுக்குப் போனால் எப்படியும் முழுகத்தான் வேண்டும், துடக்கு அதோடு போய்விடும். உங்கள் முகத்தைத் தொட்டிருந்தாலும் இதே முழுக்குத்தான், இதே தண்ணீர்தான். இது எனக்கு முதலே தெரியாதா?

இப்போது ஐலீன் உங்கள் கல்லறைக் கல்லில் பதிக்கப் படம் தேடுகிறாள். லண்டன் படத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறாளாம். என் ஃபோனில் வேறொன்று இருக்கிறது, புருவத்துக்கு நூல் போட்ட கையோடு எடுத்தது. நெற்றி சிவந்து, கண்ணீர் வழிய, நீங்கள் என்னை ஏதோ ஏசிக்கொண்டிருக்கிற படம். நாளைக்கு வேலை முடிய அவள் வீட்டுக்குப் போகிறேன். படத்தை முதலில் காட்டினால் நல்லவள் போல் ஆகிவிடுவேன். அதனால் கல்யாணம் பொய் என்பதைத்தான் முதலில் சொல்வேன். பகிடி சேர்க்காமல் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினாலும் வெளியில் நின்று படத்தை அனுப்பிவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம் அன்ரி.

இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ள விடுவீர்கள் என்றால்,
உங்கள் பெறாமகள்
சாந்தி