ஓட்டுபவர் யார் என்ற கட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்போடு மனசும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் அவள் கண்ணில் படுவதால் என் பாடு திண்டாட்டம்தான். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனுஷனுக்கு வீட்டுக் குழாயைப் பார்க்க நேரமில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ லைசென்ஸ் வாங்கியதையும் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதையும் உன் கடிதத்திலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். வலது பக்கம் திரும்பு என்றால் இடது பக்கம் திரும்புகிற பிள்ளைக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான் என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கேட்டாலே விழி பிதுங்குகிறது, மாப்பிள்ளை பத்து வருஷமாக ஓட்டுகிறவர், அவர்தான் அதிகம் ஓட்டுவார் என்று எழுதி உன் பெயரை இரண்டாவதாகப் போட்டால் பாதியாகக் குறைகிறது, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, நீங்க என்னப்பா சொல்றீங்க என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர், காலையும் மாலையும் ஓட்டப்போவது நீ. வேண்டாம் கண்ணு. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது நீ இடித்தவருக்கு மட்டும்தான் கொடுக்கும், உன் காருக்கு ஒன்றும் கிடைக்காது, அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எடு. எந்தச் சேதமானாலும் முதலில் கொஞ்சம் நம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும், அது எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள். அதைக் கூட்டி வைத்தால் பிரீமியம் குறையும்தான், ஆனால் கஷ்டம் வருகிற அன்றைக்கு உன்னால் புரட்ட முடிகிற அளவாக இருக்கட்டும். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைப்பார்கள், அதற்குப் பொறுமை வேண்டும். ஓட்டுபவர் யார் என்ற கட்டத்தில் மட்டும் பொய் எழுதாதே. தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். ஏஜென்டைக் கேட்டால் அவரும் இவ்வளவு சொல்லிவிடுவார், மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி, நம் நெட்டையனுக்குக் கார் வாங்கியபோது அதே கட்டம் என் முன்னால் இருந்தது. யாரு சார் அதிகமா ஓட்டப்போறது என்று ஏஜென்ட் கேட்டார், நான்தான் என்றேன். முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் நான், ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சோதனை அட்டை இருக்கும், கம்பிவடத்தையும் பிரேக்கையும் கண்ணால் பார்க்காமல் அதில் ஒரு நாள்கூடக் கையெழுத்து வைத்ததில்லை. அன்றைக்கு அந்தப் பாரத்தில் கூசாமல் வைத்தேன். வீட்டுக்கு வந்து அவனிடம், எங்கயாவது இடிச்சா யார்கிட்டயும் வாயத் திறக்காத, முதல்ல எனக்குப் போன் பண்ணு என்று பெரிய சாமர்த்தியசாலிபோல் சொல்லியும் வைத்தேன். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. உன்னைப்போல் நாலு கேள்வி கேட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பான்.

அவன் விளக்குக் கம்பத்தில் மோதிய அன்று ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது என்று உங்களிடம் சொன்னேன். இரண்டு வருஷமாக நீ அந்த ஆம்புலன்ஸ் டிரைவரைத் திட்டித் தீர்க்கிறாய், இனிமேல் திட்டாதே. கூப்பிட்ட ஏழாவது நிமிஷம் அவர் வந்துவிட்டார், நான் கூப்பிட்டதுதான் பிந்திப்போயிற்று. மோதியதும் அவன் எனக்குத்தான் போன் செய்தான். அப்பா, கம்பத்துல மோதிட்டேன்ப்பா, முன்பக்கம் நசுங்கிடுச்சு, யாரு ஓட்டினதுன்னு சொல்லட்டும் என்றான். யாரையும் கூப்பிடாத, நான் வந்து நானே ஓட்டினதா சொல்லிக்கிறேன், நீ பக்கத்து சீட்டுல மாறி உக்காரு என்றேன். நான் அப்போது ஒன்பதாவது மாடியில் லிஃப்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அதைப் பூட்டி வைத்து, படியில் இறங்கி, வண்டி பிடித்துப் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வழியெல்லாம் ஏஜென்டிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன், அவனைப் பற்றி யோசிக்கவில்லை. அங்கே கம்பத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிற மருந்துக்கடைக்காரம்மா காரை விட்டு நகராமல் நின்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா தம்பின்னு மூணு தடவை கேட்டேன், வேணாம்க்கா எங்கப்பா வந்துட்டிருக்காருன்னு சொல்லிட்டான் என்றார். அவன் பக்கத்து சீட்டில் மாறி உட்கார்ந்திருந்தான் கண்ணு. பெல்ட்கூடப் போட்டிருந்தான். வெளியே ஒரு கீறல் இல்லை, ரத்தமெல்லாம் வயிற்றுக்குள் கசிந்திருக்கிறது. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்து, சாரிப்பா என்றான், அதோடு சரி. அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதைத்தான் நான் ஆம்புலன்ஸ் தலையில் கட்டினேன். காருக்கு நான் கிளெய்ம் போடவே இல்லை.

இதுவரை எழுதிவிட்டு அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். உன்னிடம் சொல்லிவிட்டு அவளிடம் மறைக்க எனக்கு இனி யோக்கியதை இல்லை. என்னை வாய்க்கு வந்தபடி பேசுவாள் என்று நினைத்தேன், பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். போன்ல வலிக்குதுன்னு சொன்னானா என்றாள். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன். எழுந்து நெட்டையன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், இன்னும் திறக்கவில்லை. நான் வெளியே உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். நீ என்னோடு பேச மாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான், அம்மாவுக்கு மட்டும் இந்த வாரம் தினமும் போன் செய்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுது, அவர்கள் கேட்கிறதைக் கட்டு, உன்னிடம் குறைகிற பணத்தை நான் அனுப்புகிறேன். எங்கேயாவது இடித்துவிட்டால் காரைப் பார்க்காதே, உன்னைப் பார், எதிரே இருப்பவரைப் பார். முதலில் ஆம்புலன்ஸ், பிறகு போலீஸ், பிறகு கம்பெனி. எனக்குக் கடைசியாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா