சுவரில் இருபத்தைந்தரை

மே 4, திங்கள்

பேத்தி வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இன்றும் அறை வாசலில் நின்றுதான் பார்த்தேன். "அப்பா, அங்கயே நில்லுங்க, கிருமி தொத்திக்கும்" என்கிறான் மகன். அவன் மட்டும் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு நேரே உள்ளே போகிறான். வீட்டை விட்டு வெளியே போகாத எனக்குத்தான் கிருமியாம்.

நான்கு வாரம் முந்திப் பிறந்தவள். பத்து நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அனுப்பும்போது இரண்டாயிரத்து எண்பது கிராம். இன்று நர்ஸ் தராசோடு வீட்டுக்கு வந்தார். இரண்டாயிரத்து எழுபது.

"பத்து கிராம் இப்படி அப்படி ஆகும். ஆனா இனிமே ஏறணும்மா. பதினெட்டாம் தேதி டாக்டர் பாப்பார். ஏறலன்னா திரும்ப சேர்த்துட சொல்லுவார்."

மருமகள் குழந்தையின் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

சாயங்காலம் சம்பந்தி வந்து இறங்கினார், பெட்டியோடு. பதினெட்டு வரை இங்கேதானாம். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. அறையின் சூட்டை எண்ணாகக் காட்டும். அதைக் கதவுக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

அவர் கல்லூரியில் முப்பது வருடம் வெப்பவியல் நடத்தியவர். நான் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் முப்பத்தொரு வருடம். முட்டை அடுக்குகிற வேலையில் சேர்ந்து குஞ்சு அறையின் சூப்பர்வைசராக வெளியே வந்தவன். படித்தது எட்டாவது. வெப்பம் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது. அவருக்கு நாற்காலியில் உட்கார வைத்து, எனக்கு நிற்க வைத்து.

மே 5, செவ்வாய்

25.5. காலை 25.5. மதியம் 25.5. மே வெயிலுக்கு ஏசி ஓடுகிறது. மனிதர் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போகிறார்.

மே 6, புதன்

"எவ்ளோ சமத்து பாருங்க, அழறதே இல்ல." மகன் சொல்கிறான், சம்பந்தி சொல்கிறார், எதிர்வீட்டு அம்மாவும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவளைப் பால் குடிக்க எழுப்பவே உள்ளங்காலைச் சுண்ட வேண்டியிருக்கிறது.

ஹேச்சரியில் நான் முதலில் மீட்டரைப் பார்த்ததே கிடையாது. கதவைத் திறந்து, கண்ணை மூடி, காதைக் கொடுப்பேன். சுகமாக இருக்கிற குஞ்சுகள் தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் கத்தும். அதற்கும் மேலே குளிர்ந்தால் சத்தம் அடங்கிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவன் "எவ்ளோ அமைதியா இருக்கு பாருங்கண்ணே" என்பான். மறுநாள் காலை, செத்ததை அள்ள அவனையே கூடை எடுத்துவரச் சொல்வேன்.

மதியம் விரிப்பு மாற்றுவதற்காக மருமகள் ஒரு நிமிடம் என்னிடம் குழந்தையைக் கொடுத்தாள். குஞ்சின் காலைப் பார்ப்பதுபோல உள்ளங்காலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. பச்சைக் குழந்தைக்குக் கால் குளிர்வது சகஜம், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது, மூன்று முறை படித்தேன். அதனால் பின்கழுத்தைத் தொட்டேன். அங்கேயும் இருக்க வேண்டிய சூடு இல்லை.

சொன்னேன். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் தேடி, தெர்மாமீட்டரைத் தேடி, அதன் பெட்டியைப் பிரித்து வருவதற்குள் குழந்தை பாலே குடித்து முடித்துவிட்டது. அக்குளில் வைத்தார். முப்பத்தாறு புள்ளி எட்டு.

"பாருங்க சம்பந்தி, நார்மல்." அப்புறம் சிரித்துக்கொண்டே, "குழந்தை என்ன கோழிக்குஞ்சா?"

மகனும் சிரித்தான். என் மகன். குஞ்சு வளர்த்த காசில் படித்தவன்.

மருமகள் சிரிக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

மே 7, வியாழன்

நானா கேட்டேன் இந்த வீட்டுக்கு வர்றேன்னு? நீங்கதானே கூப்பிட்டீங்க? ஒரு பல்பு போட்டா குத்தமா? அறுபது வாட்ஸ் மேசை விளக்கு, தொட்டில்லருந்து ரெண்டு முழம் தள்ளிதான் வெச்சேன். கொளுத்தவா போறேன்? முப்பத்தொரு வருஷத்துல எத்தனை லட்சம் உயிர சூடா வெச்சிருப்பேன், எனக்குத் தெரியாதா?

"மாமா, தயவுசெஞ்சு இத எடுத்துட்டு வெளிய போங்க." இதுதான் மருமகள் சொன்னது. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

இனி வாசற்படியும் கிடையாது.

மே 8, வெள்ளி

நான் யாரோடும் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன்.

ராத்திரி முழுக்க அந்தப் பல்பைப் பற்றியே யோசனை. குஞ்சுக்குச் சூடு கூடினால் விளக்கை விட்டு ஓரமாக நகர்ந்துவிடும். சூடு வேண்டுமென்றால் கிட்டே வரும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் நாம் விளக்கைத் தூக்குவதும் இறக்குவதும். இவளால் நகர முடியாது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் திரும்பிக்கொள்ளவும் முடியாது.

பல்பு தப்புதான். இதை இந்த நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன். வாயால் சொல்லப்போவதில்லை.

ஆனால் அவள் குளிர்ந்திருக்கிறாள் என்று சொன்னது தப்பில்லை.

மே 9, சனி

இரண்டாயிரத்து அறுபத்தைந்து. இன்னும் ஐந்து குறைந்திருக்கிறது.

நர்ஸ் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். அதே எண்தான். ஒவ்வொன்றாகக் கேட்டார். அறைச் சூடு சரி. உடம்புச் சூடு சரி, வீட்டில் பார்த்த எல்லாக் கணக்கும் முப்பத்தாறு ஏழு, எட்டு. "அப்போ பால் பத்தலையோ என்னவோ. செவ்வாக்கிழமை வர்றேன். அன்னைக்கும் ஏறலன்னா பதினெட்டு வரைக்கும் காத்திருக்க வேணாம், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

அவர் போன பிறகு சம்பந்தி மகளிடம், "நீ ஒழுங்கா சாப்பிடறதில்லம்மா, அதான்" என்றார். மகன், "டப்பா பால் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அது குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். மருமகள் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

அவள் பாலில் குறை இல்லை. தின்ற தீனியெல்லாம் உடம்பைச் சூடாக்கிக்கொள்வதிலேயே செலவானால் எடை எங்கிருந்து வரும்? குளிர்ந்த அறையில் குஞ்சு தீனியைத் தின்றுகொண்டே இளைக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? கோழிக்காரன் நான்.

மே 10, ஞாயிறு

இன்றைய நாளை முழுதாக எழுதியே ஆக வேண்டும்.

காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டும் சத்தம். மருமகள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"மாமா, அன்னைக்கு பின்கழுத்துல கைய வெச்சு என்னமோ சொன்னீங்களே. என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னும் பால் குடுக்கலையே?"

"இல்ல. இனிமேதான்."

"குடுக்கறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வை. குடிச்சு முடிச்ச பிறகு மறுபடி வை."

வைத்தாள். முப்பத்தாறு புள்ளி ஒன்று. அப்படியே என்னைப் பார்த்தாள். அரை மணி நேரம் பால் கொடுத்து முடித்ததும் மறுபடி வைத்தாள். முப்பத்தாறு புள்ளி ஏழு.

அவ்வளவுதான் விஷயம். இந்த வீட்டில் எல்லாரும் குழந்தையைத் தாய் மடியிலிருந்து எடுத்த கையோடு சூடு பார்த்திருக்கிறார்கள். அது தாயின் சூடு. நர்ஸ் வருவதும் பால் குடித்த நேரமாகவே அமைந்துவிட்டது. தொட்டிலில் இரண்டு மணி நேரம் கிடந்த பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

ஹேச்சரியிலிருந்து வெளியே வரும்போது நான் கேட்டு வாங்கிவந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. குழந்தை மடியில் இருக்கும்போதே அதைத் தொட்டிலில், அவள் முதுகு படும் இடத்தில் வைத்தேன். குஞ்சின் முதுகு உயரத்தில்தான் சூடு பார்க்க வேண்டும், நம் மூக்கு உயரத்தில் அல்ல. இது ஹேச்சரியில் முதல் நாள் பாடம். பத்து நிமிடம் காத்திருந்தோம். இதற்குள் மகன் எழுந்து வந்தான். சம்பந்தியும் துண்டோடு வந்து நின்றார்.

கதவுக்கு மேலே இருபத்தைந்தரை. தொட்டிலில் இருபத்தொன்று.

ஏசியிலிருந்து வரும் காற்று எதிர்ச் சுவரில் மோதி, நேராகத் தொட்டில் இருக்கும் மூலையில்தான் இறங்குகிறது. தாழ்வான தொட்டில் கிணறு மாதிரி அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கையை வைத்தாலே தெரிந்தது.

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். 

"குளிர்ந்த காத்து கனம். கீழ இறங்கும். முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டியிருக்கேன் சம்பந்தி."

"நீங்க வரைஞ்சீங்க. நான் அதுக்குள்ள நின்னேன்."

சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, சொல்லத்தான் வேண்டும். மூன்று நாளாக வாயைக் கட்டிப்போட்டிருந்தேன்.

மருமகள் உடனே நர்ஸுக்குப் போன் போட்டாள். முப்பத்தாறரைக்குக் கீழே இருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தமாம். துணியை நீக்கி நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டு, மேலே போர்த்தச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மறுபடி அதற்குக் கீழே இறங்கினால் நேரே ஆஸ்பத்திரி. ஏசியை நிறுத்தினோம். ஒரு மணி நேரம் நான்கு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.

மருமகள் தகப்பனாரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "என் பால்ல ஒண்ணும் குறை இல்லப்பா."

மே 11, திங்கள்

நர்ஸ் நாளைக்கு வர வேண்டியவர், இன்றே வந்துவிட்டார். தொட்டிலை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, ஏசியின் மூக்கை மேலே திருப்பிவிட்டார். தொட்டிலுக்குள் இப்போது இருபத்தைந்து. சூடு இனிமேல் பாலுக்கு முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று தன் நோட்டிலும் எழுதிக்கொண்டார். அதை இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு திருப்தி.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு நெஞ்சுல போடுங்க. எந்த ஹீட்டரும் அதுக்கு ஈடாகாது. அம்மாவே நாள் முழுக்க செய்ய முடியாது, அவங்களும் தூங்கணும். வீட்ல வேற யாரு இருக்கீங்க?"

மகன் ஆபீசுக்குப் போய்விட்டான். சம்பந்தி எழுந்தார், எழுந்த வேகத்தில் மூன்று தும்மல் போட்டார். இருபத்தைந்தரையில் மனிதருக்கு ஜலதோஷம்.

"நீங்க தூரவே இருங்க சார்" என்ற நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் சரியென்றாள்.

குளித்துவிட்டு, பவுடர் கிவுடர் பூசாமல், சட்டையில்லாமல் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தையை நிமிர்த்தி என் நெஞ்சில் போட்டார்கள், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி. மூக்கு மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் கண் அசரக்கூடாது. ஐந்து நிமிடம் உபதேசம். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன்.

இரண்டு கிலோவும் கொஞ்சமும். முப்பத்துநான்கு முட்டையின் எடை. ஹேச்சரியின் பெரிய டிரேயில் பாதி கூட நிறையாது. முதலில் என் நெஞ்சின் மேல் ஈரத்துணி கிடப்பதுபோல இருந்தது. கால் மணி நேரத்தில் எது அவள் சூடு, எது என் சூடு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம். கண் அசரவில்லை. முதுகு ஒடிந்துவிட்டது. கேட்டவர்களிடம் இல்லை என்றேன்.

சாயங்காலம் மகன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். "அப்பா, நீங்களா?"

"கைகால் கழுவிட்டு உள்ள வா. கிருமி."

மே 12, செவ்வாய்

நர்ஸ் இன்றும் வந்து நிறுத்தார். இரண்டாயிரத்து எண்பத்தைந்து! மூன்று நாளில் இருபது. மருமகள் கை தட்டினாள், குழந்தை திடுக்கிட்டது.

மே 13, புதன்

காலையில் அழுதாள். மதியம் அழுதாள். சாயங்காலம் அழுத அழுகையில் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "என்ன ஆச்சு?" என்றார். பசி, வேறென்ன. என்ன குரல்! ஆயிரம் குஞ்சு தோற்கும்.

மே 15, வெள்ளி

இரண்டாயிரத்து நூற்று அறுபது.

சம்பந்தி கதவுக்கு மேலிருந்த கருவியைக் கழற்றிக் கொண்டுவந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொட்டில் உயரத்துக்குச் சுவரில் ஆணி அடித்தார். இரண்டு அடி கோணலாக விழுந்தது. நான் வேறு ஆணி எடுத்துக் கொடுத்தேன். வெற்றி பெற்றவன் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம்.

"சரியா இருக்கா சம்பந்தி?"

"இன்னும் ரெண்டு விரக்கடை கீழ."

இறக்கி அடித்தார். காபி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வந்தது.

மே 18, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேருமாகப் போனோம், குழந்தையையும் சேர்த்து. இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தைந்து. டாக்டர் நர்ஸின் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒன்பதாம் தேதி வரைக்கும் எறங்கிட்டே வந்திருக்கு. அப்புறம் இப்படி ஏறியிருக்கே, என்ன பண்ணீங்க?"

சம்பந்திதான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், தும்மலைத் தவிர. தொட்டிலில் தெர்மாமீட்டர் வைத்தது யார் என்பதையும் சொன்னார், என் தோளில் கை வைத்து. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் அவரை ஏற இறங்கப் பார்த்தேன்.

சேர்க்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். டப்பா பால் தேவையே இல்லை. அதைக் கேட்டபோது மருமகளின் முகம் இருந்ததே, அதை எனக்கு எழுதத் தெரியவில்லை.

மே 19, செவ்வாய்

சம்பந்தி காலை வண்டிக்குக் கிளம்பினார். மகன் ஆபீஸ் போனான்.

ஒன்பது மணிக்கு மருமகள் வந்தாள், தோளில் துண்டு, கையில் குழந்தை. "மாமா, நான் போய் குளிச்சிட்டு வர்றேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். இப்படிப் பிடியுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.