சுவருக்குள் போன தண்ணீர்

கோட்டை, மேல் தெரு
புதன்கிழமை

அன்புள்ள கிர்தருக்கு, அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மருமகள் புஷ்பாவும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் குலதேவியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவும் நானும் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ராத்திரியில் தைலம் தேய்த்தால் கொஞ்சம் நடக்கிறாள். கீழ்வீட்டு கேசர் சித்தி சுவர் விழுந்து செத்துப்போனாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

அன்று காலை சித்தி தன் வீட்டு முற்றத்தில் பருப்பு வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நம் வீட்டைத் தாங்கி நிற்கிற சுவர்தானே அந்த முற்றத்துக்கு ஒரு பக்கம், அது அப்படியே அவள் மேல் உட்கார்ந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. கல்லை அகற்ற இரண்டு மணி நேரம் ஆனது, எடுத்த கல்லெல்லாம் ஈரம். மழை பெய்து ஐந்து மாதம் ஆகிறது கிர்தர். அதிகாரிகள் வந்து பழைய சாக்கடைக் குழாய் உடைந்ததாக எழுதிக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் ஜேட்மல் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவ விதி அண்ணே, பத்து நிமிஷம் முன்னாடிதான் டீ கொண்டாந்து குடுத்தா" என்று அழுதான். நான் தலையை ஆட்டினேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு கோட்டையின் நான்கு வாசலும் தாண்டி இறங்கும்போது சுற்றுலாக் கூட்டம் எதிரே ஏறி வந்தது. ஒதுங்கி வழிவிட்டார்கள், இரண்டு பேர் படமும் எடுத்தார்கள். கூட்டி வந்தவன் நம் தெரு மாங்கிலால்தான். பாடையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டானே தவிர, யானை முட்டி உடைக்காதபடி ராஜா வாசலை எப்படி வளைத்துக் கட்டினார் என்ற கதையை அவன் நிறுத்தவில்லை. அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, கோட்டைக்குள்ளேயே தங்க ஆசைப்பட்டு வருகிற அதே கூட்டத்துக்காகத்தானே நாமும் மூன்று அறையைத் திறந்துவைத்தோம்.

சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளிக்காமல் வீடு நுழையக்கூடாது. ஜேட்மல் வீட்டுக் குழாய் இடிபாட்டுக்குள் கிடந்தது. "லூண்கரண் அண்ணன் வீட்ல மூணு குளியலறை இருக்கே, அங்க வாங்க" என்று யாரோ கூப்பிட, இருபத்தாறு ஆண்கள் வரிசையாக நின்று நம் வீட்டில் குளித்தார்கள். நான் படியில் நின்று தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். துக்கத்துக்கு வந்தவனிடம் குளிக்காதே என்று எந்த வாயால் சொல்வது. கடைசியில் என் முறை வந்தது, நானும் குளித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்தக் குளியலறைகளைக் கட்டும்போதே கொத்தனார் சுமார் கான் சொன்னார், "இந்தக் குன்னு முழுக்கக் களிமண்ணுங்க, உங்கம்மா ரெண்டு குடம் தூக்கியாந்து பொழங்கின வீடு இது, குழாயத் தெறந்துவிட்டா அடி கரைஞ்சிரும்" என்று. நான் அதை உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அறைக்குள்ளயே குளியலறை இல்லன்னா எவன்ப்பா வருவான், அந்தக் கெழவருக்கு எதுக்கெடுத்தாலும் பயம், நான் அனுப்பின படத்தப் பாத்துக் கட்டச் சொல்லுங்க" என்றாய். எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒட்டகச் சவாரி போய் மணலோடு வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் குளித்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன கோடையில் சித்தியே வந்து உன் அம்மாவிடம், "அக்கா, உங்க விருந்தாளிங்க குளிச்சா எங்க செவுரு வேர்க்குது, அதுக்கும் ஒரு துண்டு குடுங்க" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அதையும் உன்னிடம் சொன்னேன், சிமென்ட் பூசினால் போதும் என்றாய், பூசினோம். ஈரம் வெளியே தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் ஜேட்மலின் சமையலறைக் கூரையிலும் விரிசல் விட்டது. அதன் கீழேதான் அவன் பேரப்பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. அதற்குமேல் என்னால் முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியை அடைத்தேன், விருந்தாளிகளை அனுப்பினேன், துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் எல்லார் முன்னாலும், நம் குளியலறைத் தண்ணீர்தான் அந்தச் சுவரைக் கரைத்தது என்று சொன்னேன். ஜேட்மல் எழுந்து, "எந்த எடம்னு காட்டுங்க" என்றான். காட்டினேன். கல்லிடுக்கில் கையை விட்டுப் பார்த்து, "இன்னும் ஈரமா இருக்குண்ணே" என்றான், அவ்வளவுதான். அன்றே பிள்ளைகளோடு ஊருக்குள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். நாங்களும் அடுத்த வாரம் கோட்டையை விட்டுக் கீழே இறங்குகிறோம், அறைகள் இனி திறக்கமாட்டோம், அதைப்பற்றி என்னிடம் வாதாடாதே.

பன்னிரண்டாம் நாள் பந்திக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். ஜேட்மலே வந்து என் தட்டில் பரிமாறினான், முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போதுதான் பின்னால் வந்து உன் நம்பரைக் கேட்டான். "கிர்தர் அவ கையால சாப்ட்டு வளந்தவன், அங்க தனியாக் கெடந்து அழுவான், நான் ரெண்டு வார்த்த பேசறேன்" என்றான். எழுதிக் கொடுத்தேன். அன்று ஜமுக்காளத்தில் எல்லாம் என் யோசனை என்றுதான் சொல்லியிருந்தேன், உன் பெயர் என் வாயில் வரவில்லை. பெற்றவன் வாய், வரவில்லை.

குழந்தைக்குச் சளி விட்டதா, காலையில் குளிர்ந்த பால் கொடுக்க வேண்டாம் என்று புஷ்பாவிடம் அம்மா சொல்லச் சொன்னாள். மூன்று பேருக்கும் எங்கள் ஆசிகள், நீண்ட ஆயுளோடு இருங்கள். ஒன்றே ஒன்றை மறக்காதே. ஹோலி கழிந்த மறுநாள் கூப்பிடுகிறேன் என்று ஜேட்மல் சொல்லியிருக்கிறான், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். போனை எடு. அவன் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் உன் பங்கை நீ சொல்லிவிடு.

உன் அப்பா,
லூண்கரண்