பழகின தோள்

இன்று காலை போபோடியில் நம் சந்தில் சீரியல் லைட் கட்ட வந்தவருக்குக் கம்பம் எட்டவில்லை. "பாவூ, ஜரா கந்தா தோ" என்றார். குனிந்து தோளைக் கொடுத்தேன். கட்டி முடித்தவர் குதித்து இறங்கி, அவர் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார். நான் குனிந்தபடியே நின்றேன். தோளில் ஒரு கால் பட்டால் அடுத்து உன் கை வர வேண்டுமே மச்சான்.

தொண்ணூறுகளில், கோகுலாஷ்டமிக்குத் தயிர்ப்பானை உடைக்க ஆள்மேல் ஆள் ஏறுவோமே, அதில் கீழ்வரிசை நான், உச்சி நீ. மற்றவர்கள் சும்மா இறங்கிப் போவார்கள். நீ மட்டும் மிதித்த ஒவ்வொருவரையும் இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். "பானையை நொடியில ஒடச்சுட்றான், கும்பிடு போடத்தான் பொழுது போயிடுது" என்று உன் அம்மாவே கிண்டல் செய்வார். அந்த அம்மாவின் கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் பந்துக்கு வந்து சேர மாட்டேன்.

பந்து வந்தது ரெண்டாயிரத்துக்குப் பிறகு. பாணேரில் வேலைக்கு வந்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். பப்பாளி மாதிரி நீளப் பந்து. உதைத்த பந்து தரையைத் தொடும் முன் பிடித்துவிட்டால் விசில் ஊதுவார். பிறகு யாரும் குறுக்கே வராமல் நிதானமாகக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம்; பந்தைக் கீழே வைத்துவிட்டால் மட்டும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிடிப்பதற்காக அடுத்தவன் தோளில் ஏறினாலும் தப்பில்லை என்றார். நீ என்னைப் பார்த்தாய்.

அன்று நீ ஏறியதை எப்படிச் சொல்ல! என் தோளில் ஒரு கால், அவ்வளவுதான். நான் நிமிர்ந்தபோது ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தாய். மெய்யாகவே நின்றாய். பந்துதான் உன்னைத் தேடி வந்தது. வெள்ளைக்காரர் விசில் ஊத மறந்தார்.

ஆனால் இறங்கியதும் பந்தைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். அதற்குள் எவனோ பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதற்கப்புறம் எத்தனை ஆட்டம் அப்படிப் போயிற்று! வெள்ளைக்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆட ஆள் எடுத்த அன்று என்னை உனக்கு எதிரணியில் போட்டார்கள். "இன்னொரு தடவை பந்தைக் கீழே வைத்தால் நீ கிடையாது" என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். நான் உன் காதில் சொன்னேன்: "டேய், நான்தானே நிக்கிறேன். பழகின தோளு. தொடாத, ஒதச்சுடு."

"சரிடா" என்றாய்.

கடைசிப் பந்து. அதுவரை நீ அவ்வளவு உயரம் போனதில்லை. மைதானமே வாய் பிளந்தது. பந்து உன் கையில். கீழே விழுந்து கிடந்த நான், எதிரணிக்காரன், தொண்டை கிழியக் கத்தினேன்: "ஒதடா! ஒதச்சுத் தொலைடா!"

நீ பந்தைப் புல்லில் வைத்தாய். வந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பந்து போயிற்று. விமானமும் போயிற்று.

"என்னைத்தானடா மிதிச்ச? நானாடா கோச்சுக்கப் போறேன்?" என்று உன் சட்டையைப் பிடித்தேன்.

"பழகின தோளுன்னா மிதிச்சுட்டுப் போயிடலாமா?" என்று கேட்டாய். உன் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் பதில் உறுதியாக இருந்தது.

முழங்கால் விடும்வரை ஞாயிறு தவறாமல் ஆடினாய். தோற்றவர்களும் உன் ஏற்றத்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள். எந்த விமானமும் ஏறாமலேயே உன் ஆட்டம் முடிந்தது.

போன மழைக்காலத்தில் உன்னைப் பாடையில் தூக்கியபோது முன்பக்கத்து வலது தோள் நான். யாரையும் அந்த இடத்துக்கு விடவில்லை. நனைந்த வழியெல்லாம் சுமந்துபோய், மெதுவாக இறக்கினோம். நான் எழாமல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

அன்றுதான் முதல் தடவையாக, என்னைத் தொடாமல் இறங்கினாய்.